மொட்டைமாடியில் ஒரு கணப்பு

நொய்டாவில் வாழும் நம் சங்க உறுப்பினராகிய ஓர் அம்மையார் சென்ற மாதம் நமக்குக் கடிதம் விடுத்திருந்தார். அவருடைய மகன் அடுக்குமாடிக் கட்டடமொன்றின் உச்சித்தளத்தில் வீடு வாங்கியிருக்கிறார். வீட்டோடு மொட்டைமாடியும் அவருக்கே உரியதாயிற்று. குளிர்காலத்து மாலைகளில் குடும்பத்தாரும் நண்பர்களும் அம்மாடியில் வட்டமாக அமர்ந்து குளிர்காய்வதற்கென, எரிவாயுவால் எரியும் கணப்பு ஒன்றைக் கட்டவேண்டும் என்பது மகனின் விருப்பம். உணவு விடுதிகளின் தோட்டங்களில் அத்தகைய கணப்புகளை அவர் கண்டிருக்கிறாராம். "இது நமக்கு வேண்டியதுதானா? ஆபத்து ஒன்றும் இல்லையா? மாதம் எவ்வளவு எரிவாயு பிடிக்கும்? நீங்கள் ரயில்வேயில் கணக்கெழுதுகிறவர், கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்று அம்மையார் கேட்டிருக்கிறார்.

கணக்குப் போடுவதே நம் பிழைப்பாகிவிட்டபடியால் மறுப்பதற்கு வழியில்லை. நாம் பொறியியல் கற்றவரல்லோம். எனினும் எரிவாயுக் குழாய் பொருத்தும் தொழிலாளி ஒருவரையும், முப்பது ஆண்டுகளாகச் செங்கல் அடுக்கிவரும் கொத்தனார் ஒருவரையும் தேடிப்பிடித்து வினவி, சில நூல்களையும் புரட்டிய பின்னரே இதனை எழுதுகிறோம். அம்மையாரின் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம் சங்கத்தின் முற்றத்திலும் இப்படியொரு கணப்பு அமைக்கவேண்டுமென்ற யோசனை செயற்குழுவின்முன் இருப்பதை அன்பர்கள் பலர் அறிவார்கள். ஆகவே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். வாசகர் அனுப்பிய மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

குளிர்காய்தல் என்ற சொல் நம் மொழியில் உண்டேயன்றி, அதன் தேவையை நம்மில் பெரும்பாலோர் வடக்கே வந்த பிறகுதான் உணர்ந்தோம். தஞ்சையிலும் நெல்லையிலும் மார்கழிப் பனிக்கு ஒரு துப்பட்டி போதும். உதகை, கொடைக்கானல் பங்களாக்களில் வெள்ளைக்காரர் கட்டிவைத்த கணப்புகளைப் பார்த்தவர் சிலர் இருக்கலாம். நம் பாட்டிமார் பால் காய்ச்சவும் அப்பளம் சுடவும் வைத்திருந்த குமுட்டி அடுப்புதான் நமக்குத் தெரிந்த கரிநெருப்பு. அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத்தக்கது இங்குள்ள அங்கீட்டி. காஷ்மீரத்தார் பிரம்பு பின்னிய சிறு மண்சட்டியில் தணல் நிரப்பி, காங்கிரி என்ற பெயரில் தம் நீண்ட அங்கிக்குள்ளேயே ஏந்தித் திரிகிறார்கள். இமாச்சலத்து வீடுகளில் தகரத்தால் செய்த புகாரி என்னும் அடுப்பின் தலையிலிருந்து ஒரு குழாய் கூரையைத் துளைத்து வெளியே போகிறது. இவற்றுள் நாம் மதிப்பது புகாரியையே. புகையையும் நச்சுக்காற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றும் குழாய் ஒன்று அதற்கு இருக்கிறது, அங்கீட்டிக்கு இல்லை.

அங்கீட்டியைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது. சென்ற தை மாதத்தில், நம் குடியிருப்புக்கு அடுத்த வரிசையில், ஊரிலிருந்து வந்து இரண்டே மாதமாகியிருந்த இளந்தம்பதியர் கைக்குழந்தையுடன் ஓர் இரவு அங்கீட்டியை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு உறங்கினர். குழந்தைக்குச் சளி; வெளியே நான்கு பாகைக் குளிர். சன்னல் இடுக்குகளில் துணியும் செருகியிருந்தனர். காலையில் பால்காரர் பலமுறை மணியடித்தும் கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டு மூதாட்டி சத்தமிட்டு ஆட்களைக் கூட்டிக் கதவை உடைக்கச் செய்தார். மூவரும் பிழைத்தனர், ஆனால் மருத்துவமனையில் பிராணவாயு வைத்த பின்னரே அந்தப் பெண்ணுக்கு நினைவு திரும்பியது. அவர்களைப் பார்க்கச் சென்றிருந்தபோது அந்த இளைஞர் நம்மிடம் சொன்னது இது: "அண்ணா, நல்லாக் கனிந்த கரி. புகையே இல்லை. புகை இல்லாததால் பயமில்லை என்று நினைத்துவிட்டோம்."

புகையில்லாத தணல்தான் கொடியது. கரி முழுமையாக எரியப் போதிய பிராணவாயு கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்கும் குணமும் இல்லை. நம் குருதியில் பிராணவாயுவைச் சுமந்துசெல்லும் சிவப்புப் பொருளோடு அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்கிறது. பிறகு பிராணவாயு ஏறுவதற்கு இடமில்லை. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்தைக் களைப்பென்று எண்ணிவிடுவதால்தான் குடும்பம் குடும்பமாகப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடநாட்டுச் செய்தித்தாள்களில் இத்தகைய செய்தி வராமல் இருப்பதில்லை. கதவைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து, 112-ஐ அழைப்பதே முதல் வேலை. நெருப்பை அணைப்பதெல்லாம் பிறகுதான்.

நிற்க. வெட்டவெளியில் வைக்கும் கணப்புக்கு இந்த அபாயம் இல்லை. வாயு பரந்து போய்விடும். ஆனால் வெட்டவெளி என்பது வெட்டவெளியாகவே இருக்கவேண்டும். டில்லிப் பக்கத்தில் மொட்டைமாடிக்குத் தகரக்கூரை போடுவதும், குளிர் தாங்காமல் நாற்புறமும் கண்ணாடியோ கனத்த பிளாஸ்டிக் திரையோ தொங்கவிடுவதும் வழக்கமாகிவருகிறது. அப்படி மூடிய கணமே அது மாடியாக இல்லாமல் அறையாகிவிடுகிறது. எரிவாயுவும் காற்றுப் பற்றாதபோது அதே நச்சை உண்டாக்கும். அம்மையாரின் மகன் மாடியைப் பிற்காலத்தில் மூடும் எண்ணமுடையவராயின், கணப்பு யோசனையை இப்பொழுதே கைவிட்டுவிடுவது நல்லது.

அடுத்து, வெட்டவெளியில் நெருப்பு எவ்வாறு வெப்பம் தருகிறது என்பதைப் பார்க்கவேண்டும். அறைக்குள் நெருப்பு காற்றைச் சூடாக்குகிறது; சூடான காற்று அறைக்குள்ளேயே சுற்றுகிறது. வெளியிலோ சூடான காற்று எழும்பி வானத்துக்குப் போய்விடுகிறது. நம் உடலுக்கு வந்து சேர்வது நெருப்பிலிருந்து கதிர்களாகப் பாயும் வெப்பம் ஒன்றுதான். வெயிலில் நின்றால் முகம் சுடுவதும் நிழலுக்கு வந்தால் குளிர்வதும் எவ்விதமோ அவ்விதமே. தூரம் இருமடங்கானால் இவ்வெப்பம் ஏறக்குறைய நாலிலொரு பங்காகிவிடும். எனவே பத்துப்பேர் அமரும் வட்டத்தில் முன்வரிசைக்கு வேர்க்கும். பின்வரிசைக்குப் பல் கிட்டும். இன்னொரு விந்தை: சமையலறைப் பர்னரில் நாம் விரும்பும் தூய நீலச்சுடர் கதிர்வெப்பத்தை மிகக் குறைவாகவே வீசும். பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் சூடாகும். ஆனால் எதிரே அமர்ந்தவருக்குப் பயனில்லை. ஆகையால்தான் கணப்புப் பர்னர்களின்மேல் எரிமலைக் கல்லையோ சுட்ட களிமண் துண்டுகளையோ பரப்பி, அவை கனன்று சிவக்கும்படி செய்கிறார்கள். மஞ்சள் சுடர் கண்ணுக்கு விருந்து. அதிலுள்ள நுண்ணிய கரித்துகள்கள் ஒளிர்வதால் கதிர்வெப்பமும் ஓரளவு கூடும். ஆயின் கல்லில் கரி படியும். அழகும் வேண்டும், கரியும் படியக்கூடாது என்றால் நடவாது.

இந்தக் கதிர்வெப்ப இரகசியத்தைச் செவ்வையாகப் பயன்படுத்தியவர் பெஞ்சமின் தாம்சன் என்ற அமெரிக்கர். 1753-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸில் பிறந்தவர்; அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கில அரசனின் பக்கம் நின்றமையால் ஐரோப்பாவுக்குப் போக நேர்ந்தது; பவேரிய நாட்டுக்குச் செய்த பணிக்காக ரம்ஃபோர்டு பிரபு என்ற பட்டம் பெற்றார். அவர் 1796-இல் கணப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்காலத்துக் கணப்புகள் பெட்டிபோல் ஆழமாகவும் சதுரமாகவும் இருந்தன. வெப்பம் முழுவதும் புகைபோக்கி வழியே போய், அறையில் புகை மட்டுமே எஞ்சியது. அவர் பின்சுவரை முன்னே கொண்டுவந்து ஆழத்தைக் குறைத்தார். பின்சுவரின் அகலம் முகப்பில் மூன்றிலொரு பங்கு இருக்கும்படி பக்கச் சுவர்களை வெளிநோக்கிச் சாய்த்தார். சூடேறிய அச்சுவர்கள் கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல் வெப்பத்தை அமர்ந்திருப்போர்மேல் திருப்பின. இலண்டன் நகரத்துச் சீமான்கள் தம் வீட்டுக் கணப்புகளையெல்லாம் அவர் சொன்னபடி மாற்றிக்கொண்டார்கள்.

அந்தப் பழைய அறிவு நம் மொட்டைமாடிக்கும் பொருந்தும். நடுவில் வட்டத்தொட்டி வைத்து நாற்புறமும் அமரும் முறையைவிட, முதுகுச்சுவர் உடைய கணப்பையே நாம் விரும்புகிறோம். டில்லியில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசும். அத்திசையில் நாலடி உயரத்துக்கு ஒரு சுவரெழுப்பி, அதன் இரு கைகளையும் ரம்ஃபோர்டு சொன்னவாறு சாய்த்து நீட்டினால், காற்றும் தடுக்கப்படும், வெப்பமும் திரும்பி வரும். அமர்வோர் தென்கிழக்கில் அரைவட்டமாக அமரலாம். சுடருக்கு மேலே பந்தல், கொடி, துணி காயும் கம்பி ஆகிய எதுவும் கூடாது. நம் பெண்டிரின் முந்தானையும் ஆண்களின் மேல்துண்டும் சமையலறையிலே செய்யும் வம்பை இங்கும் செய்யும். நெருப்பின் விளிம்புக்கும் நாற்காலிக்கும் மூன்றடியாவது இருக்கவேண்டும்.

இனிக் கட்டுமானம். கொத்தனார் முதலில் சொன்னது பாரம் பற்றியே. நாலடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள மேடையை முழுவதும் செங்கல்லால் நிரப்பிக் கட்டினால் பதினெட்டுக் கன அடியாகும். அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். அது ஒரே இடத்தில் தளத்தின்மேல் அழுந்தும். ஆகவே உள்ளே வெற்றிடம் விட்டுத்தான் கட்டவேண்டும். தூண் அல்லது உத்தரத்தின்மேல் பாரம் இறங்குமாறு இடம் பார்க்கவேண்டும். நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சைக் குத்திக் கிளறலாகாது. நெருப்பைத் தொடும் உட்புறத்துக்குத் தீச்செங்கல்லும் தீக்களிமண் சாந்தும் வேண்டும். சாதாரணச் சிமெண்ட்டுச் சாந்து சூட்டில் வெடித்து உதிரும். அலங்காரத்துக்கென ஹரித்துவாரத்திலிருந்தும் ரிஷிகேசத்திலிருந்தும் கங்கையின் கூழாங்கற்களைக் கொண்டுவந்து பர்னர்மேல் பரப்புவோர் உண்டு. பக்தி வேறு, நெருப்பு வேறு. ஆற்றுக்கல்லுக்குள் சிறைப்பட்ட நீர் ஆவியாகும்போது கல் வெடித்துச் சில்லு தெறிக்கும், கண் போய்விடும். எரிமலைக் கல் நுண்துளை மிகுந்தது; ஆவி வெளியேற அதில் வழியுண்டு. அதையும் மழையில் நனைந்த மறுநாள் முதலில் சிறு சுடரில் உலர்த்திய பிறகே பெருக்கவேண்டும்.

செங்கல் வேலையைக் காட்டிலும் நாம் அஞ்சுவது எரிவாயுவின் ஓர் இயல்பைத்தான். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இருமடங்கு. கசிந்தால் புகைபோல் மேலே போகாது. தண்ணீர்போல் தாழ்ந்து ஓடித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். இப்பொழுது நம் மொட்டைமாடியை எண்ணிப்பாருங்கள். நாற்புறமும் மூன்றடிக் கைப்பிடிச்சுவர். மூலையில் மழைநீர்க் குழாய். அது தண்ணீருக்கு மட்டும் தொட்டியன்று, எரிவாயுவுக்கும் தொட்டியே. மழைநீர்க் குழாய் வழியாக வாயு கீழ்த்தளத்து வீடுகளின் பால்கனிக்கோ தரையடிச் சாக்கடைக்கோ இறங்கலாம். ஆதலால் கணப்பும் சிலிண்டரும் மழைநீர்க் குழாயிலிருந்தும் மாடிப்படி வாசலிலிருந்தும் இயன்றவரை விலகி இருக்கவேண்டும். கைப்பிடிச்சுவரின் அடியில் காற்றோடும் துவாரங்கள் இருத்தல் நலம். மேடையின் உள்வெற்றிடத்துக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் தரையோடு ஒட்டித் துவாரம் விடவேண்டும். மேலே மட்டும் விட்டால் பயனில்லை. அழகுக்காகக் குழிதோண்டித் தரைமட்டத்துக்குக் கீழே அமைக்கும் கணப்புகளைப் படங்களில் காண்கிறோம். சிலிண்டர் வாயுவுக்கு அந்த முறை ஆகாது என்பதே நம் கருத்து.

குழாய் வாயு அப்படியன்று. நொய்டாவிலும் டில்லியிலும் பல வீடுகளுக்குச் சமையலறைக்கு வரும் அவ்வாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும். ஆனால் சிலிண்டருக்கென்று செய்த பர்னரைக் குழாய் வாயுவுக்கு மாட்டினால் சுடர் சிறுத்துச் சோர்ந்து எரியும். குழாய் வாயுவுக்கென்று பெரிய துளையிட்ட பர்னரைச் சிலிண்டருக்கு மாட்டினாலோ சுடர் ஆளுயரம் பாயும். பர்னர் வாங்கும்போது எந்த வாயுவுக்கு என்று கேளாமல் வாங்கலாகாது. சமையலறைக் குழாயிலிருந்து நாமாகவே கிளையெடுத்து மாடிக்கு இழுப்பதை ஒருபோதும் செய்யக்கூடாது. அது வாயு வழங்கும் நிறுவனத்தார் வந்து செய்யவேண்டிய வேலை.

காற்று வீசும் வெளியில் சுடர் அணைந்துபோவது இயல்பு. அணைந்த பின் வாயு மட்டும் பாய்ந்துகொண்டிருந்தால் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இதற்கென்றே சுடர்க்காவல் வால்வு என்ற சாதனம் உண்டு. சுடரின் நாக்கு படும்படி ஓர் உலோக முனை நீட்டப்பட்டிருக்கும். இருவகை உலோகங்கள் இணைந்த அம்முனை சூடேறும்போது மிகச் சிறிய மின்சாரம் பிறந்து, ஒரு காந்தத்தின் வழியே வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். சுடர் அணைந்து முனை குளிர்ந்தால் மின்சாரம் நிற்கும். வால்வு தானே மூடிக்கொள்ளும். விலை அதிகமில்லை, ஆயினும் கணப்பு கட்டித்தருவோரில் சிலர் இதனை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் பளிங்குக்கல் பதிக்கிறார்கள். இந்த வால்வு இல்லாத கணப்பை, சலவைக்கல்லால் இழைத்துக் கொடுத்தாலும் ஏற்கவேண்டாமென்று அம்மையாருக்குச் சொல்கிறோம். இதுதவிர, நெருப்பைத் தாண்டிக் கைநீட்டாமல் மூடக்கூடிய இடத்தில் ஒரு கைவால்வும் வேண்டும். இணைப்புகளைச் சோப்பு நுரை தடவிச் சோதிக்கவேண்டும். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்! ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது சமையலறைக்கு விதி. வெயிலும் பனியும் படும் மாடிக்கு அதற்கு முன்பே மாற்றிவிடலாம்.

இனிக் கணக்கு. நாலைந்துபேர் குளிர்காயத்தக்க சிறு கணப்பு ஒன்று பத்துக் கிலோவாட் வெப்பம் தருவதாக வைத்துக்கொள்வோம். சமையலறைப் பர்னர் ஒன்று ஏறத்தாழ இரண்டு கிலோவாட். ஆக ஐந்து பர்னர்களை ஒன்றாகத் திறந்துவிட்டதற்கு அது சமம். ஒரு கிலோ எரிவாயுவில் ஏறக்குறைய 13 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. அப்படியானால் மணிக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல், 0.8 கிலோ என்று கொள்ளலாம். சனி, ஞாயிறு மாலைகளில் மும்மூன்று மணிநேரம் எரித்தால் வாரத்துக்கு 4.8 கிலோ. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிவுவரை ஏழு வாரம், மொத்தம் 33.6 கிலோ. வணிகத்துக்கான 19 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ இரண்டு. வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோவாகையால், அந்தக் கணக்கில் இரண்டேகாலுக்கும் மேல். சிறு குடும்பம் ஒன்று இரண்டு மாதத்துக்கு மேல் சமைத்து உண்ணக்கூடிய எரிவாயு அது. அதில் பெரும்பகுதி வானத்தைச் சூடாக்கப் போகிறது. வீட்டுச் சிலிண்டர் சமையலுக்கென்றே கொடுக்கப்படுவது என்பதையும் அம்மையார் மகனுக்கு நினைவூட்டலாம்.

குளிர்காலத்துக்கென்று மற்றொரு சங்கடமும் உண்டு. சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது வாயுவாக மாறும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. வேகமாக எடுத்தால் சிலிண்டர் ஈரம் பூத்துச் சில்லிட்டுப்போகும். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையில்கூடக் கொதித்து வாயுவாகும். பியூட்டேனுக்கோ பூச்சியத்தை ஒட்டிய குளிரே போதும், அது எழும்ப மறுத்து அடியில் தங்கிவிடும். எனவே நள்ளிரவு நெருங்கும்போது, சிலிண்டரில் பாதி மீதியிருந்தும் சுடர் சுருங்கும். உடனே சிலிண்டரை நெருப்பின் அருகே நகர்த்துவதும், அதன்மேல் வெந்நீர் ஊற்றுவதும் நம்மவர் கையாளும் வித்தைகள். அவற்றைச் செய்யவே கூடாது. இரு சிலிண்டர்களை இணைத்து ஒவ்வொன்றிலிருந்தும் மெல்ல எடுப்பதே முறை. இல்லையேல் எழுந்து வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வது அதனினும் முறை.

சிலிண்டர் என்றதும் நம் அலுவலகத் தொழிலை ஒட்டிய ஒரு சொல். ஊரிலிருந்து புதிதாகக் குடிவருவோர் ஐந்து கிலோச் சிலிண்டரையும் அடுப்பையும் சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றிவருவதை நாம் அறிவோம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி அது குற்றம். மூன்றாண்டுவரை சிறையோ, ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் கிடக்கட்டும், எழுபத்திரண்டு பேர் உறங்கும் பெட்டியில் அது எத்தகைய துணை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவையும் தவிர்த்துக் குளிர்காய வேறு வழியில்லையா என்றால், உண்டு. சிவந்து கனலும் மின்கம்பியுள்ள ஹீட்டர் வீசுவதும் கதிர்வெப்பமே. ஒரு கிலோவாட் ஹீட்டர் அருகருகே அமர்ந்த இருவருக்குப் போதும். மணிக்கு ஒரு யூனிட். அதற்குச் சுடரின் அழகு இல்லை. மழையில் வைக்க இயலாது. மண் இணைப்பு சரியாக இருக்கவேண்டும். ஆனால் நச்சுக்காற்று இல்லை. தலைநகர் வட்டாரத்தில் காற்று மாசு மிகும் நாள்களில், காவலாளிகள் விறகும் குப்பையும் கொளுத்திக் குளிர்காயாதிருக்கும்பொருட்டு, குடியிருப்போர் சங்கங்களே அவர்களுக்கு மின் ஹீட்டர் தரவேண்டுமென்று விதி செய்திருக்கிறார்கள். நல்ல விதி. எத்தனை சங்கங்கள் தந்திருக்கின்றன என்று இரவில் வாயிற்படியைக் கடக்கும்போது அன்பர்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே அம்மையாருக்கு நம் விடை: மாடி என்றும் திறந்தே இருக்குமாயின், சுடர்க்காவல் வால்வும் அடித்துவாரங்களும் இருக்குமாயின், கட்டடச் சங்கத்தார் எழுத்து மூலம் இசைவார்களாயின், தாங்கள் மகனைத் தடுக்கவேண்டாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டு மின் ஹீட்டரும் நல்ல கம்பளிகளும் போதும். தீயணைப்புக் கருவி ஒன்றை மாடிப்படி அருகே தொங்கவிடச் சொல்லுங்கள்.

சங்க முற்றத்துக் கணப்பைப் பற்றிச் செயற்குழுவில் இரு கருத்துகள் நிலவுகின்றன. மூத்த அன்பர் ஒருவர், "டிசம்பர் பிறந்தால் நம் பெரியவர்கள் நிகழ்ச்சிகளுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். கூடம் குளிர்ந்து கிடக்கிறது. முற்றத்தில் நிற்க முடியவில்லை. பஞ்சாபி அண்டை வீட்டார் லோரி இரவில் நெருப்பைச் சுற்றிக் கூடுகிறார்கள். போகி விடியலில் நம்மவர் ஐந்துபேர்கூட வெளியே வருவதில்லை. ஒரு நெருப்பு இருந்தால் அதைச் சுற்றிப் பேச்சு தானே வரும்" என்றார். அவர் கூற்றில் உண்மை இருக்கிறது. எண்பது வயதில் தனியே அறையில் போர்த்திக்கொண்டு கிடப்போர்க்குச் சங்கத்தின் இரண்டு மணிநேரம் எவ்வளவு பெரிது என்பதை நாமும் கண்டிருக்கிறோம்.

எனினும் நாம் இந்த ஆண்டு எரிவாயுக் கணப்புக்கு வாக்களிக்கப் போவதில்லை. சங்கக் கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும். இந்த வட்டாரத்துக்குக் கடந்த ஓராண்டில் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களின் பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. அவர்களில் பலர் ஓரறை வீடுகளில் இருக்கிறார்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளும் உண்டு. முதல் குளிர்காலத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மின் ஹீட்டரை இரவலாகக் கொடுத்து, பங்குனியில் திரும்பப் பெறலாம். வாயில் காவலாளிக்கும் ஒன்று. அங்கீட்டியை அறைக்குள் வைக்கலாகாது என்பதை நேரில் சென்று சொல்வதற்கு அதுவே நல்ல சாக்காகவும் அமையும். அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தை யாரும் படிப்பதில்லை. ஹீட்டரோடு வந்தவர் சொன்னால் கேட்பார்கள். முற்றத்தின் வடமேற்கில் நாலடிச் சுவரையும் செங்கல் இருக்கைகளையும் மட்டும் இப்பொழுது எழுப்பிவிடலாம். அதற்குக் கொத்தனார் கேட்கும் கூலி பெரிதன்று. சுவர் காற்றைத் தடுத்தாலே பாதிக் குளிர் போய்விடும். அதன் முன்னே இரண்டு ஹீட்டர் வைத்தால் பெரியவர்கள் அமரலாம். எரிவாயு அடுத்த ஆண்டுக்கு.

இந்த யோசனையை எழுத்தில் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். வரும் இரண்டாம் ஞாயிறு மாலை 5 மணிக்குச் செயற்குழு கூடுகிறது; உறுப்பினர் எவரும் வந்து பேசலாம், மூத்த அன்பரின் பக்கம் நின்றும் பேசலாம். சுவரின் அளவுக் குறிப்பும் படமும் சங்க நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய ஹீட்டர் வைத்திருப்போர் கம்பியும் பிளக்கும் சரியாக உள்ளனவா என்று பார்த்துவிட்டு அன்றே கொண்டுவந்து தரலாம்.